பேயின் பாதமும் மறைந்த பலகணியும்

ஜெர்மனி நாட்டு மியூனிக் நகரில் அன்னை மரியாவின் பெயரால் ஒரு பேராலயம் நிற்கிறது. 1468-இல் தொடங்கி இருபதே ஆண்டுகளில் செங்கல்லால் எழுப்பப்பட்டது. இரட்டைக் கோபுரங்களுக்குக் கீழே, வாசலைக் கடந்ததும், தரைக்கல் ஒன்றில் கருத்த காலடித்தடம் ஒன்று பதிந்திருக்கக் காணலாம். அதனைப் 'பேயின் மிதி' என்று அவ்வூர் மக்கள் அழைக்கின்றனர். கோயிலைக் கட்டிய தலைமைக் கொத்தனார், பலகணியே இல்லாத கோயிலாகக் கட்டித் தருவதாக அலகையிடம் வாக்களித்து அதன் உதவியைப் பெற்றாராம். பணி முடிந்ததும் அலகை பார்வையிட வந்தது. கொத்தனார் அதனை உள்ளே அழைத்துச் சென்று குறிப்பிட்ட ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால், இருமருங்கும் வரிசையாய் நிற்கும் தூண்கள் பக்கத்துப் பலகணிகள் அனைத்தையும் மறைத்துவிடும். ஒளி வரும், அது வரும் வழி தெரியாது. தான் ஏமாற்றப்பட்டதை உணர்ந்த அலகை சினந்து ஓங்கி மிதித்த மிதியே அத்தடம் என்பது கதை. சினத்தால் அன்று, ஒளி புகாத கோயில் என்று நம்பி மகிழ்ந்து குதித்ததால் விழுந்த தடம் என்று சொல்வாரும் உளர்.

இக்கதையில் ஓர் இடறல் உண்டு. தூண்கள் பக்கத்துப் பலகணிகளைத்தானே மறைக்கும்? நேர் எதிரே, கோயிலின் கீழ்க்கோடியில் உள்ள பலகணி தெரியாமற் போனது எவ்வாறு? கோயில் கட்டி முடிந்து நூறாண்டுக்கு மேல் கழிந்தபின், பதினேழாம் நூற்றாண்டில், அங்கே மிக உயர்ந்த பீடம் ஒன்று எழுப்பப்பட்டது. அது அந்தப் பலகணியை மறைத்துக்கொண்டு நின்றது. ஆகவே கதை கோயிலோடு பிறந்ததன்று; பீடம் வந்த பிறகு, அந்த இடத்தில் நின்று பார்த்த யாரோ ஒருவர் நெஞ்சில் முளைத்தது என்று கொள்ளலாம். இன்று அந்தப் பீடம் அங்கில்லை. தடத்தின்மீது நின்று பார்ப்பவருக்குக் கீழ்க்கோடிப் பலகணி நன்றாகவே தெரிகிறது. கதையின் காரணம் போய்விட்டது. கதை மட்டும் போகவில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் தம் செருப்புக் காலை அந்தத் தடத்தில் வைத்து அளந்து பார்த்துச் செல்கின்றனர்.

அதே நாட்டின் ஆகன் நகரப் பேராலயத்திற்கும் ஒரு கதை உண்டு. கோயிலைக் கட்டி முடிக்கப் பணமின்றித் தவித்த ஊரார் அலகையிடம் கடன் வாங்கினர். முதலில் உள்ளே நுழையும் உயிரைத் தருவதாக உடன்பட்டனர். பின்னர் ஓர் ஓநாயைப் பிடித்து உள்ளே விரட்டி ஏய்த்துவிட்டனர். சினந்து கதவை அறைந்து சாத்திய அலகையின் பெருவிரல், கதவிலுள்ள சிங்கமுக வளையத்தில் சிக்கி அறுந்ததாம். நுழைமண்டபத்தில் வெண்கல ஓநாய் ஒன்று இன்றும் உள்ளது. வேடிக்கை என்னவென்றால், அறிஞர்கள் ஆராய்ந்து பார்த்தபோது அது ஓநாயன்று, பெண் கரடி என்றும், கோயிலைவிடப் பன்னூறு ஆண்டு பழமையான, கிறித்தவத்திற்கு முந்திய உலகத்தின் சிற்பம் என்றும் தெரியவந்தது. எங்கிருந்து வந்தது, யார் வணங்கியது என்பதெல்லாம் மறந்து போன பொருளுக்கு மக்கள் ஒரு பேய்க்கதையைச் சூட்டிவிட்டனர்.

கோயிலைப் பற்றிய பேய்க்கதைகளைப் படிக்கும்போது நான் இரண்டைக் கேட்பதுண்டு. கதை சொல்பவர் எங்கே நின்று பார்க்கிறார்? அவர் மறந்த பொருள் எது? இவ்விரண்டையும் நம் ஊர்க் கோயிலின் முன் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதுச்சேரி மிஷன் வீதியில் உள்ள ஜென்மராக்கினி அன்னை பேராலயத்தை அறியாதவர் நம் வாசகருள் இலர். சம்பா கோயில் என்ற பெயர் புனித பவுலின் பெயரைக் குறித்த ஐரோப்பியச் சொல் நம் நாவில் தேய்ந்ததென்பர். இன்று நாம் காணும் கட்டடம் 1770-இல் தொடங்கி 1791-இல் நிறைவுற்றது. கீழ்த்தளத்தில் தோரிக் பாணி இரட்டைத் தூண்களும், மேல்தளத்தில் அயோனியப் பாணித் தூண்களுமாகப் பிரெஞ்சு நாட்டுச் சாயலில் முகப்பு அமைந்துள்ளது. இதற்கு முன் அதே வளாகத்தில் மூன்று கோயில்கள் இருந்தன. பதினான்காம் லூயி மன்னனின் பொருளுதவியுடன் சேசு சபையார் 1692-இல் எழுப்பியதை, மறு ஆண்டே ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர் இடித்தனர். 1699-இல் கட்டியது நெடுநாள் நிற்கவில்லை. 1728 முதல் 1736 வரை கட்டிய மூன்றாம் கோயிலை 1761-இல் ஆங்கிலேயர் நகரத்தோடு சேர்த்துத் தரைமட்டமாக்கினர்.

இங்கே தரையில் பேயின் தடம் எதுவும் இல்லை. ஆயினும் இக்கோயிலைச் சுற்றி, பேயைப் பற்றியும் பாதத்தைப் பற்றியும் இரண்டு எழுத்துகள் உள்ளன. ஒன்று பிரெஞ்சு மொழியில் ஒரு குருவானவர் எழுதிய கடிதம். மற்றொன்று தமிழில் ஒரு வணிகர் எழுதிய நாட்குறிப்பு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தவர் நம்மிடையே மிகச் சிலரே.

அவற்றைப் படிக்குமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது நின்று எண்ண வேண்டும். 'பேய்' என்ற சொல்லை நாம் நற்செய்தி வழியாக மட்டும் அறிந்தவர்களல்லர். நம் புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் பிறந்த புனிதவதியார், அழகையும் உடலின் தசையையும் உதறிப் பேய் வடிவு வேண்டிப் பெற்றார் என்கிறது பெரிய புராணம். தம் பாடல்களில் அவர் தம்மைக் காரைக்காற்பேய் என்றே அழைத்துக்கொள்கிறார். கயிலைக்குக் காலால் நடவாது தலையால் நடந்தார் என்பதும் அவர் வரலாறு. கலிங்கத்துப்பரணியின் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பந்தி பரிமாறுகின்றன. பசியுள்ள, நகைச்சுவையுள்ள, சில வேளை பக்தியும் உள்ள பேய்கள் அவை. திருக்குறளோ, உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்று மறுப்பவனையே அலகை என்கிறது. கண்ணெதிரே இருப்பதைக் காண மறுக்கும் மனிதன்தான் வள்ளுவர்க்குப் பேய்.

இத்தனை பொருள் சுமந்த மொழிக்குள்தான் விவிலியத்தின் சாத்தான் வந்து சேர்ந்தான். சீர்திருத்தச் சபையார் 'பிசாசு' என்ற சொல்லைத் தேர்ந்தனர். 1995-இல் வெளிவந்த நம் பொது மொழிபெயர்ப்பு, இயேசுவைச் சோதித்தவனை 'அலகை' என்றும், மனிதரைப் பிடித்து வருத்துவனவற்றைப் 'பேய்' என்றும் பிரித்துக் காட்டியது. அந்தப் பிரிவினை நல்லதே. ஆனால் மக்கள் நாவில் அது நிலைக்கவில்லை. என் பாட்டி உச்சிப்பொழுதில் புளியமரத்தடியில் எங்களைப் போகவிடமாட்டார். மரத்திலிருந்த பேயும், திருமுழுக்கின்போது நாம் விட்டு விலகுவதாக வாக்களிக்கும் சாத்தானும் அவருக்கு ஒன்றே. பாட்டியை நான் குறை சொல்லவில்லை. கற்றவர்கள் செய்த குழப்பம் அவரை எட்டியிருந்தது, அவ்வளவே.

கற்றவர்கள் என்றேன். அவர்களுள் ஒருவர் புஷே அடிகளார். 1655-இல் பிறந்து 1732-இல் மறைந்த சேசு சபைக் குரு. மதுரை மறைப்பணித் தளத்தில் காவி உடுத்து, புலால் நீத்து, துறவியாய் வாழ்ந்தவர். ஆவூரில் கோயில் எழுப்பியவர். பின்னர்ப் புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட கர்நாடக மறைப்பணிக்கு மேலாளராய் இருந்தவர். அவர் காலத்துப் பிரான்சில் ஒரு சர்ச்சை எழுந்தது. பழங்காலக் கிரேக்க, உரோமைக் கோயில்களில் கேட்ட குறிகள் யாவும் பூசாரிகளின் ஏமாற்று. பேய்க்கு அதில் பங்கில்லை. கிறித்து பிறந்ததும் அவை வாயடைத்துப் போயின என்பதும் உண்மையன்று என்று ஃபோந்தனெல் என்னும் எழுத்தாளர் நூல் எழுதினார். பால்த்யூ என்னும் சேசு சபையார் 1707-இல் அதற்கு மறுப்பு வெளியிட்டார். அந்த மறுப்புக்குத் துணையாகத்தான் புஷே தமிழ்நாட்டிலிருந்து கடிதம் எழுதினார். மறைப்பணியாளர் கடிதங்களாகத் தொகுத்து அச்சிட்ட வரிசையில் அது வெளிவந்து ஐரோப்பா முழுதும் படிக்கப்பட்டது.

கடிதத்தின் வாதம் எளியது. பழங்கால உரோமையில் நடந்ததைப் பற்றி ஏன் நூல்களை வைத்து வழக்காட வேண்டும்? இந்தியாவிற்கு வந்து பாருங்கள். இங்கே பேய் இன்னும் மனிதர் வாயால் குறி சொல்கிறது. கிறித்தவம் பரவும் இடமெல்லாம் அது ஊமையாகிறது. திருமுழுக்குப் பெற்றவர் அருகில் நின்றாலே அதன் வாய் அடைத்துப்போகிறது என்பதே அதன் சாரம். எழுத்து என்ற அளவில் அது திறமான எழுத்து. கண்ணாற் கண்டவரின் உறுதி அதில் ஒலிக்கிறது.

ஆயினும் அதைப் படிக்கும் தமிழ் வாசகர் ஒருவருக்கு நெஞ்சில் ஒரு முள் தைக்கும். இந்தக் கடிதம் நம் ஊர் மனிதரைப் பற்றியது. ஆனால் நம் ஊர் மனிதருக்காக எழுதியதன்று. பாரிசில் ஐயம் கொண்ட ஒரு படிப்பாளியை வெல்லுவதற்கு, மிஷன் வீதியின் அண்டை வீட்டார் சான்றுப்பொருள் ஆக்கப்படுகின்றனர். குறி கேட்க வந்தவளின் நோய் என்ன, துயரம் என்ன, யாரை இழந்தாள் என்பவற்றிற்கு அங்கே இடமில்லை. அவள் வாயில் பேசியது பேய் என்று நிறுவினால் போதும், வழக்கு முடிந்தது. இதே புஷே, அவ்ரான்ஷ் ஆயராயிருந்த ஹுவே என்ற அறிஞருக்கு எழுதிய மற்றொரு கடிதத்தில், பிரமனுக்கும் ஆபிரகாமுக்கும், சரசுவதிக்கும் சாராவுக்கும் பெயர் ஒப்புமை காட்டி, இந்தியர் சமயத்துள் மோசேயின் மறைநூல் எதிரொலிக்கிறது என்று மகிழ்கிறார். ஒரே கோயிலில் ஒரு கடிதத்திற்குப் பேயும், மறு கடிதத்திற்கு ஆபிரகாமும் கிடைக்கின்றனர். எது தேவையோ அது தெரியும் இடத்தில் போய் நின்றிருக்கிறார் அடிகளார். காவி உடுத்து நம்மிடையே ஆயுளைக் கழித்த ஒருவரைப் பற்றி இதை எழுத எனக்குத் தயக்கமே. அவருடைய தியாகம் உண்மை. அவர் கண்ணை மறைத்த தூணும் உண்மை.

இனி மற்ற எழுத்து. துய்ப்ளேக்சின் துபாஷியாய் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 முதல் தாம் மறையும் காலம் வரை எழுதிய நாட்குறிப்பைத் தமிழ் உரைநடையின் பெருஞ்செல்வம் என்று நாம் போற்றுகிறோம். நூற்றாண்டுக் காலம் வீட்டில் முடங்கிக் கிடந்ததை 1846-இல் கலுவா மோன்பிரேன் கண்டெடுத்துப் படி செய்வித்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாகவும், 1948 முதல் தமிழிலும் வெளிவந்தது. பண்டித நடை அதில் இல்லை. பிரெஞ்சும் பாரசீகமும் போர்த்துக்கீசியமும் கலந்த கடைத்தெருத் தமிழ். ஆண்டு, மாதம், நாள், நேரம், வந்தவர், சொன்னவர் என்று அனைத்தையும் குறித்துவிட்டுத்தான் அடுத்த செய்திக்குப் போவார். புஷேயின் கடிதத்தில் பெயரற்று நின்ற நம் ஊர் மக்கள், இந்த நாட்குறிப்பில் பெயரோடும் தெருவோடும் நடமாடுகின்றனர்.

1748-ஆம் ஆண்டு, விபவ வருடம் ஆவணி மாதம். கப்பற்படைத் தலைவர் போஸ்கவன் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தனர். சம்பா கோயிலை ஒட்டி வேதபுரீசுவரர் கோயில் நின்றது. அரை நூற்றாண்டாகவே அதனை அகற்றச் சேசு சபையார் முயன்று வந்தனர். வணிகரும் நெசவாளரும் ஊரைவிட்டுப் போய்விடுவர் என்ற அச்சத்தால் கும்பினி ஆளுநர்கள் தயங்கி வந்தனர். முற்றுகையின் குழப்பத்தில் அந்தத் தயக்கம் நீங்கியது. செப்டம்பர் 7-ஆம் நாளையொட்டிக் கோயில் இடிக்கப்பட்டது. கர்டூ அடிகளார் கருவறையைக் காலால் உதைத்ததாகவும், சம்மட்டி கொண்டு இலிங்கத்தை உடைத்ததாகவும், வாகனங்களை உடைக்கக் கிறித்தவர்களை ஏவியதாகவும் நாட்குறிப்பு பெயர் சொல்லிப் பதிவு செய்கிறது. துய்ப்ளேக்சின் மனைவி அவ்விடம் வந்து, விரும்பியவாறு செய்துகொள்ளலாம் என்று குருவிடம் கூறினார் என்றும், ஐம்பது ஆண்டாகக் கூடாதது அவரால் கூடிற்று என்று குரு நன்றி பாராட்டினார் என்றும் அது சொல்கிறது.

ரங்கப் பிள்ளை நடுநிலைச் சான்றாளர் அல்லர் என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும். அவர் வைணவர். துய்ப்ளேக்சு அம்மையாரிடம் அவருக்குத் தீராத பகை; நாட்குறிப்பின் பக்கங்கள் தோறும் அந்தக் கசப்பு ஊறிக் கிடக்கிறது. இடிப்பின்போது நடந்தவற்றைப் பெரும்பாலும் பிறர் வந்து சொல்லக் கேட்டே எழுதுகிறார். ஒவ்வோர் அசைவும் அப்படியே நடந்தது என்று ஆணையிட முடியாது. ஆனால் கோயில் இடிக்கப்பட்டதில் ஐயமில்லை. இன்று ஈஸ்வரன் தருமராஜா கோயில் வீதியில் உள்ள வேதபுரீசுவரர் ஆலயம் அதன்பின் எழுந்ததே.

மியூனிக் கதையில் கோயில் தரையை மிதித்த பாதம் அலகையுடையது. நம் ஊர் எழுத்தில் கருவறையை உதைத்த பாதம் குருவானவருடையது. அண்டைக் கோயிலைப் பேயின் இல்லம் என்று முப்பது நாற்பது ஆண்டுக் காலம் எழுதியும் பேசியும் வந்த சூழலில்தான் அந்தப் பாதம் உயர்ந்தது. ஒருவர் பாரிசுக்கு எழுதிய வாதம், மற்றொருவர் காலில் வந்து இறங்கிற்று. 'பேய்' என்று பெயரிடுவது வெறும் சொல்லாட்சி என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். பேய் என்றபின் மனச்சான்றுக்கு வேலையில்லை. பேயை உதைப்பது பாவமாகுமா?

இதற்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து நம் கோயிலும் இடிக்கப்பட்டதை முன்னரே சொன்னேன். ரங்கப் பிள்ளை அதைக் காணவில்லை. 1761 சனவரியில், நகரம் ஆங்கிலேயரிடம் சரணடைவதற்கு நான்கு நாள் முன் இறந்துபோனார். ஒன்றுக்கு ஒன்று தண்டனை என்று இவ்விரு இடிப்புகளையும் கோத்துக் கதை சொல்வது மிக எளிது, கேட்பவர்க்கும் இனிக்கும். அதுவும் ஒரு பேய்க்கதையே. ஆங்கிலேயர் இடித்தது கோட்டை, மாளிகை, கோயில் என்ற வேறுபாடின்றிப் பகைவரின் நகரத்தை. அவர்கள் யாருடைய சாபத்தையும் நிறைவேற்ற வந்தவர்களல்லர்.

நாட்குறிப்பை மூடுமுன் இன்னும் ஒரு பக்கத்தைப் புரட்ட வேண்டும். என் பார்வையில் முன்னதைவிட அதுவே நமக்கு நெருக்கமானது. 1745 அக்டோபர். சம்பா கோயிலின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. பறைச்சேரிகளிலிருந்து வரும் கிறித்தவர் ஒருபுறமும், மற்றச் சாதிக் கிறித்தவரும் சட்டைக்காரரும் மறுபுறமும் இருந்து பூசை காண்பதற்காக எழுப்பிய சுவர். சேரி மக்கள் கூடிச் சென்று பெரிய குருவிடம் முறையிட்டனர். நாங்களும் உம் சீடர்களாயின், ஆண்டவர் எல்லாரையும் ஒன்றாகவே காண்பாராயின், எங்களை மட்டும் பிரித்து வைத்தது ஏன் என்பது அவர்கள் கேட்டதன் சாரம். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர். ரங்கப் பிள்ளை இதை எழுதும் தொனியைக் கவனித்தால், வேதபுரீசுவரர் கோயிலுக்காக வருந்திய அவருடைய பலகணியையும் ஒரு தூண் மறைத்திருப்பது புலப்படும். சுவர் எழுந்ததில் அவருக்கு வியப்பில்லை. அது விழுந்ததில்தான் வியப்பு.

புஷேயின் கடிதம் தேடித் தேடிக் கண்ட பேய் யாவும் மதிலுக்கு வெளியே இருந்தது. மதிலுக்குள்ளே, பீடத்தின் பார்வையில் நின்ற அந்தச் சுவருக்கு யாரும் பேயின் பெயரைச் சூட்டவில்லை. அதற்குக் கதை எதுவும் பிறக்கவில்லை. 1872-இல் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பகுதியாக இரட்டை மண்டபம் கொண்டு கோயில் கட்டினார்களே, காற்சட்டை போன்ற வடிவில், அதன் நடுச்சுவர் விழ இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அச்சுவருக்கும் ஒரு பேய்க்கதை இல்லை. கல்லறைத் தோட்டங்களில் சாதி வாரியாகப் போட்ட வேலிகளுக்கும் இல்லை. புளியமரத்திற்கு உண்டு, பாழ்மண்டபத்திற்கு உண்டு, அடுத்த சமயத்தார் கோயிலுக்கு உண்டு.

நற்செய்தியின் வழக்கு வேறு. யோவான் எட்டாம் அதிகாரத்தில், இயேசுவைச் சமாரியர் என்றும் பேய் பிடித்தவர் என்றும் ஒரே மூச்சில் ஏசுகின்றனர். வேறு மலையில், வேறு கோயிலில் தொழுத இனத்தின் பெயரும் பேயின் பெயரும் அவர்களுக்கு ஒரே வசவின் இரு பாதி. அந்த வசவைத் தாங்கியவர் நம் ஆண்டவர். அவரோ, சாத்தானே என்று ஒரு சீடரை முகத்துக்கு நேரே விளித்தது ஒரே ஒரு முறை. அன்று அவர் எதிரே நின்றவர் பேதுரு. சமாரியப் பெண்ணை அவர் அவ்வாறு அழைக்கவில்லை. கனானியப் பெண்ணையோ உரோமை நூற்றுவர் தலைவனையோ அழைக்கவில்லை. திருச்சபையின் முதல் வாசற்படியில் நின்றவரையே அழைத்தார். மியூனிக் நகரத்துப் பாமரர்கள் பேயின் தடத்தைக் கோயிலுக்கு வெளியே எங்கோ காட்டில் வைக்காமல், வாசலுக்கு உள்ளே, நாம் தினம் கடந்து செல்லும் கல்லில் வைத்தார்கள் அல்லவா? விவிலியம் கற்றவர்களைவிட அவர்கள் பேதுருவின் கதையை நன்கு கேட்டிருந்தார்கள் போலும்.

நம் கோயில்களின் ஓவியங்களையும் சுரூபங்களையும் இந்தக் கண்ணோடு ஒரு முறை பார்க்கலாம். மிக்கேல் சம்மனசின் காலடியில் கிடக்கும் அலகைக்குப் பெரும்பாலும் என்ன நிறம் பூசியிருக்கிறோம்? சம்மனசு வெள்ளை, அலகை நம் நிறம். வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்று கால்வாயால் இரண்டாகப் பிளந்து கிடந்த ஊரில், கறுப்பர் பகுதியில் நின்ற கோயிலில், நம் முன்னோர் தம் தோலின் நிறத்தைச் சம்மனசின் காலடியில் கண்டு மண்டியிட்டனர். வண்ணம் பூசியவர் கெட்ட எண்ணத்தோடு பூசினார் என்று சொல்ல மாட்டேன். கடையில் வாங்கிய படத்தைப் பார்த்துப் பூசியிருப்பார்.

பேயோட்டும் திருத்தலங்களின் நிலையும் எண்ணத்தக்கது. புளியம்பட்டி அந்தோணியார் கோயிலிலும் பிற இடங்களிலும், வாரக்கணக்கில் தங்கி விடுதலை வேண்டுவோரை நாம் கண்டிருக்கிறோம். ஆடிக் கதறும் பெண்களின் வாயில் வரும் பெயர்கள் எவை? காளி, முனி, கருப்பன். ஓர் ஊரின் காவல் தெய்வம், அடுத்த ஊர்க் கோயில் வாசலில் பேயாகிறது. அங்கே ஆறுதல் பெற்றுத் திரும்புவோர் பலர். அதை நான் மறுக்கவில்லை, ஏளனம் செய்யவும் இல்லை. எனக்குள்ள வருத்தம் ஒன்றே. அப்பெண் கதறும்போது நாம் பெயரை மட்டும் கேட்கிறோம். குடிக்கும் கணவனோ, கொடுக்க முடியாத வரதட்சணையோ, புதைத்த பிள்ளையோ அந்தக் கதறலில் இருக்கக்கூடும். பெயர் கிடைத்ததும் புஷேயைப் போலவே நமக்கும் வழக்கு முடிந்துவிடுகிறது.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று அறிவித்தது. 2000-ஆம் ஆண்டு தவக்காலத்தில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபை மக்கள் வரலாற்றில் இழைத்த குற்றங்களுக்காக உரோமையில் பொதுவில் மன்னிப்பு வேண்டினார். அந்தச் செபத்தை நாமும் வாசித்தோம். சிலுவைப் போர், விசாரணை மன்றம் என்று தொலைவில் நடந்தவற்றை எண்ணிக்கொண்டோம். மிஷன் வீதி நம் நினைவுக்கு வந்ததா?

கர்டூ அடிகளாரை 1748-இன் அந்தக் காலோடு நிறுத்திவிட்டுப் போனால் நானும் ஒரு பேய்க்கதை சொன்னவனாவேன். 1691-இல் பிறந்த அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. மேலும் முப்பத்தொரு ஆண்டு வாழ்ந்தார். நம் நாட்டுத் துணிகளுக்குச் சாயம் ஏற்றும் முறையைத் தொழிலாளரிடம் கேட்டறிந்து விரிவாக எழுதினார். இந்து மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதினார். தெலுங்கும் வடமொழியும் ஆழ்ந்து கற்றார். உலகம் முழுதும் பின்னாளில் வில்லியம் ஜோன்சுக்குப் புகழ் தேடித் தந்த உண்மையை, அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன், 1767-இல், முதுமையில் இருந்த கர்டூ பாரிசு அறிஞர் கழகத்துக்கு எழுதி அனுப்பினார்: வடமொழியும் இலத்தீனும் கிரேக்கமும் ஒரு குடும்பத்து மொழிகளாக இருத்தல் வேண்டும் என்று. அக்கடிதத்தைக் கழகத்தார் கிடப்பில் போட்டனர். 1808-இல்தான் அச்சேறிற்று. அதற்குள் அவர் புதுச்சேரியில் இறந்து இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய சபையே 1773-இல் கலைக்கப்பட்டிருந்தது.

அவர் சுட்டிய உறவின்படி பார்த்தால், வடமொழியின் 'பாதம்' என்ற சொல்லும், காலைக் குறிக்க அவர் தம் தாய்மொழியில் சொல்லிய 'பியே' என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை.